எங்கள் பக்கம் எல்லாம் சரி

மாலை நாலு பத்துக்கு
என் கைகள் உறைந்துபோகின்றன.
குளிரால் அல்ல. தண்டர் பே பிப்ரவரிக்கு
அந்த உரிமை உண்டுதான்,
கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி இறுகிக் கிடக்கிறது.
நான் சொல்வது திரையில்,
எல்வுட் கார்டினல் என்னைப் பார்க்கும்
அந்தச் சின்னச் சதுரத்துக்குள்.

அவருக்குக் காது கேட்காது.
மருத்துவர் பேசுவதைக் கையால் சொல்வது என் வேலை.
"உங்கள் சிறுநீரகம்" வரைக்கும் போனேன்.
அடுத்த சொல்லை மோடம் விழுங்கிவிட்டது.
"கொஞ்சம் பொறுங்கள்" என்று கைகளை நீட்டினேன்.
அது போய்ச் சேர்ந்ததா, தெரியாது.
மறுபடி நேரம் கிடைத்தது ஒன்பது நாள் கழித்து.

கம்பெனி கொடுத்த மோடம்.
மாதம் பதினான்கு டாலர் வாடகைக்கு
என் அலமாரியில் குடியிருக்கும் கறுப்புப் பெட்டி.
நாலு விளக்கும் பச்சை.
பச்சையாய்ப் பொய் சொல்கிறது.

போனில் ஜோஸ்லின்:
"அணைத்துவிட்டு முப்பது எண்ணுங்கள்."
எண்ணினேன்.
"எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது."
மறுநாள் வேறொரு குரல்: மறுபடி முப்பது.
மூன்றாம் நாள் சுவரைக் குறை சொன்னார்கள்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்;
இவர்களுக்கு என் வீட்டுக் காரைச்சுவர்.

சரி, வைஃபையே வேண்டாம் என்று
கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினேன்.
வெளி உலகத்தை விட்டேன்.
ஒரு முழம் தள்ளி நிற்கும் மோடத்தை மட்டும்
விநாடிக்கு ஒரு தரம் பிங் செய்து கூப்பிட்டபடி இருந்தேன்.
இருக்கிறாயா. இருக்கிறேன்.
இருக்கிறாயா. இருக்கிறேன்.
நாலு பத்து.
இருக்கிறாயா.
இருக்கிறாயா.

எழுதிவைத்தேன். தேதி, மணி, எத்தனை நிமிடம்,
மின்கட்டண உறையின் பின்பக்கம் நிறைய.
அந்த உறையைக் காட்டித்தான்
டோரியனை வீட்டுக்கு வரவழைத்தேன்.

பூட்ஸ் பனியை மிதியடியில் தட்டிவிட்டு
கம்பத்திலிருந்து சுவர்வரை அளந்தான்.
"லைன் தங்கம், மிஸ் லெப்பானென்."
பிறகு பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.
வேனிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தான்.
புதுசா? என்றேன்.
"புதுசு மாதிரி."

அவன் போன பிறகு பார்க்கிறேன்,
என் வீட்டுக்குள் ஒரு வைஃபை:
ரோஸாலி கிச்சன்.
துடைக்காமலே கொடுத்துவிட்டார்கள்.
உள்ளே நுழைந்து பதிவேட்டைத் திறந்தால்
நவம்பர் முழுக்க அவள்தான்.
இரவு ஒன்பது, துண்டிப்பு.
ஒன்பது பதினேழு, கையால் ரீஸ்டார்ட்.
ஒன்பது நாற்பது, கையால் ரீஸ்டார்ட்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஏழு தடவை.
ரோஸாலி,
யாரோடு பேச முயன்றாய்?
நீயும் முப்பது எண்ணினாயா?

அவள் தோற்றுத் திருப்பிக் கொடுத்ததுதான்
எனக்கு வந்திருக்கிறது.

அல்கோமா தெருப் பழைய சாமான் கடையில்
இருபது டாலருக்கு ஒரு ரவுட்டர் வாங்கினேன்.
மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டேன்.
இனி நீ யோசிக்காதே,
யாருக்கு எது என்று பிரிக்காதே,
வருவதை அப்படியே விடு, குழாய் மாதிரி.
யோசிக்காதபோது
அது ஒழுங்காகத்தான் இருக்கிறது.
ரோஸாலியின் பெயரை அழிக்க
ஊசியை எடுத்தேன். இன்னும் அழிக்கவில்லை.

ஒன்பதாம் நாள். எல்வுட் கேட்டார்:
"அன்றைக்கு எதை ஏந்திக்கொண்டு நின்றாய்?"
எனக்குப் புரியவில்லை.
"பதினோரு நிமிடம். மருத்துவர் போய்விட்டார்.
நான் மட்டும் உன்னோடு இருந்தேன்."

செய்து காட்டினார்.
இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்து.
"பொறுங்கள்" என்பதற்கு
விரல்கள் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
துடிப்பு நின்றால்
அது வெறும் தட்டு, மேலே ஒன்றும் இல்லாதது.

மருத்துவர் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.
உங்கள் சிறுநீரகம், என்றன என் கைகள்,
நன்றாக இருக்கிறது.

எல்வுட் அசையவில்லை.
மறுபடி போய்விட்டதோ என்று
ஓரக்கண்ணால் விளக்கைப் பார்த்தேன்.
பிறகு அவர் கை எழுந்தது:
இன்னொரு தரம் சொல்.

சொன்னேன்.
மணி நாலு பதினொன்று.