மாட்டு டாக்டரின் வண்டி

போன வருஷம் தனியாகத்தான் வந்தேன்.
கருவேல நிழலில் மேசை,
வெள்ளை உடுப்பு, பதிவேடு, நீலப் பெட்டி.
நாள் முழுக்க ஒட்டகங்கள் கடந்துபோயின.
ஒரு சிறுவன் வந்தான். பேனாவைக் கேட்டான்.
போய்விட்டான்.
மாலையில் பெட்டியைத் திறந்தால்
பனிக்கட்டி தண்ணீராகியிருந்தது.
இருபது பிள்ளைகளின் மருந்தை
வீண் என்றெழுதிக் கையெழுத்துப் போட்டேன்:
தெனேமாஜி, செவிலி.

அவர்கள் மழைக்குப் பின்னால் போகிறவர்கள்.
நான் சாடின் தெற்கே, பருத்திக்காட்டுக்காரி.
எங்கள் கொல்லையில் அவர்கள் மாடு இறங்கினால்
என் அண்ணன்மார் கம்பெடுப்பார்கள்.
நான் அதை மறைக்கவில்லை,
அவர்கள் மறக்கவில்லை.

இந்த வருஷம்
மாட்டு டாக்டர் அபாகரின் வண்டியில் இடம் கேட்டேன்.
கயிற்றுச் சுருளை ஒதுக்கி, பின்னால் உட்கார் என்றார்.
மாட்டுக்கு அடைப்பான் ஊசி, பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி,
நடுவில் ஓர் அட்டை,
இரண்டுக்கும் ஒரே பனிக்கட்டி.

விடியலில் மாடுகள் வரிசையில் நின்றன,
எந்த ஆஸ்பத்திரியிலும் நான் பார்க்காத ஒழுங்கில்.
முந்நூறு உருப்படி. கண்ணெல்லாம் புழுதி.
சும்மா நிற்கக் கூசி
கன்றுகளைப் பிடித்துக் கொடுத்தேன்.
ஒன்று என் காலை மிதித்தது.
அப்போதுதான் யாரோ சிரித்தார்கள்.

சிரித்தவள் கல்தூமா. இடுப்பில் பிள்ளை.
"பசுவுக்குப் பத்து வருஷமாக வருகிறீர்கள்.
பசுவின் பாலைக் குடிக்கிறவனுக்கு
இன்றைக்குத்தான் வழி தெரிந்ததா?"

பதில் இருந்தது என்னிடம்,
பிரெஞ்சில், அலுவலகத் தாளில், மூன்று பக்கம்.
அவள் பேசிய அரபியில் எனக்குச் சரியாக வருவது
மன்னித்துக்கொள் என்பது மட்டும்.
சொன்னேன்.

உடனே கையை நீட்டிவிடவில்லை.
முதலில் குப்பியைத் தொட்டுப் பார்த்தாள்,
குளிர் விட்டுப்போயிருக்கிறதா என்று.
சந்தைக்குப் பால் கொண்டுபோகிறவள்,
எது எப்போது கெடும் என்று அவளுக்குத் தெரியாதா?
பிறகுதான் நீட்டினாள்.
அவன் போட்ட கத்தலுக்கு
தூரத்தில் ஒரு கன்று பதில் சொன்னது.

அட்டை வேண்டாம் என்றாள்.
"முதல் மழைக்கே கரையும்.
மாட்டுக்குக் காதில் அடையாளம் வைக்கிறீர்கள்,
இவன் காதை விட்டுவிடு."
கன்றுக் கயிற்றில் தோல் இழையொன்றை அறுத்து
முடிச்சிட்டு
அவன் இடுப்பில் கட்டினாள், தாயத்துக்குப் பக்கத்தில்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: தோல் இழை, முடிச்சு ஒன்று.

பதினொரு பிள்ளைகள் அன்றைக்கு.
கல்தூமாவின் தங்கை
கூடாரத்தை விட்டு வெளியே வரவேயில்லை.

திரும்பும் வழியில் அபாகர் கேட்டார்,
"உன் அண்ணன்மாரிடம் இதைச் சொல்வாயா?"
தெரியவில்லை என்றேன்.
கால் வீங்கியிருந்தது.
பெட்டியைத் திறந்து
மீந்த பனிக்கட்டியில் ஒரு துண்டெடுத்து
அதன்மேல் வைத்துக்கொண்டேன்.