நீலப் பலகைக்குக் கீழே

போர்ட் டால்பட் நீச்சல்குளத்தில்
உடைமாற்றும் அறைக்கு வெளியே நீலப் பலகை.
விட்டுச் செல்லும் பொருட்களுக்கு
நிர்வாகம் பொறுப்பேற்காது.
வெல்ஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.
இரண்டு மொழியிலும் கைகழுவியாயிற்று.

பலகைக்கு நேர் கீழே
டெலித் பிராசரின் மேசை.
பதினோரு வருடம் முன்பு
அவளை வேலைக்கு எடுத்த கடிதத்திலும்
இதே சொல்தான்:
பொறுப்பானவர் தேவை.

ஆங்கிலத்தில் அதை
எடுக்கலாம், கொடுக்கலாம், தட்டிவிடலாம்,
பத்துப் பேர் பங்குபோட்டு
ஒருவர் கையிலும் இல்லாமல் ஆக்கலாம்.
குண்டு வைத்தவர்கள்கூட
மறுநாள் அதைத் தமக்கென்று கேட்டு வாங்குகிறார்கள்.
நம் சொல்லின் அடியில் ஒரு 'பொறு' உண்டு,
முதுகில் மூட்டை மாதிரி.
அவர்கள் சொல்லின் அடியில் மூட்டை இல்லை,
பதில் இருக்கிறது.
யாரோ கூப்பிட, யாரோ "இதோ" என்பது.

டெலித்துக்கு இதெல்லாம் தெரியாது.
வியாழன் இரவு
வடிகால் சல்லடையில், முடிக்கற்றைகளுக்கு நடுவே
ஆரஞ்சு நிறத்தில், மொச்சைக்கொட்டை அளவில்
காது கேட்கும் கருவி ஒன்று.

"கூடையில் போடு, நம்ம பொறுப்பில்லை"
என்றார் மேலாளர் ராய்ஸ்டன், சாவியை ஆட்டியபடி.
கெட்டவர் இல்லை. பலகையைப் படித்தார், அவ்வளவுதான்.

கூடையில் ஒற்றைக் காலுறை, மூக்குக் கிளிப்,
ஆறு மாதமாக யாரும் தேடி வராத
கல்யாண மோதிரம்.
கருவியை அங்கே போடக் கை வரவில்லை.
புதன்கிழமை வகுப்பின் பெயர்ப்பட்டியலை எடுத்தாள்.
யெஸ்டின் மோர்கன், ஏழு வயது.
பக்கத்தில் பென்சிலில், செப்டம்பரிலேயே
யாரோ எழுதியிருந்தார்கள்: காது.

அந்தப் பையன்!
ஓடாதே, ஓடாதே, ஓடாதே என்று
மூன்று முறை கத்தியும் திரும்பாததால்
ஈரத்தோடு அரைமணி நேரம்
பெஞ்சில் உட்காரவைத்தாளே, அவன்.

புது ஷூ பெட்டியில் கிடந்த
ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு
ஒரு மிட்டாய் டப்பாவில் அதை மூடிவைத்து
சனிக்கிழமை டைபாக்குக்குப் பஸ் ஏறினாள்.
வழியெல்லாம் ஒரு வாக்கியம் தயாரித்தாள்.
ஸ்டீல் ஆலை தாண்டியதும் அது மறந்துபோயிற்று.

கதவைத் திறந்த அம்மாவுக்கு
டப்பாவைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை.
பையன் தரையில், முதுகைக் காட்டி,
லாரி பொம்மைக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான்.
இந்த முறை டெலித் கூப்பிடவில்லை.
சுற்றிப் போய், எதிரே, முழங்கால் வலிக்க உட்கார்ந்தாள்.

காதில் மாட்டிப் பார்த்தான்.
வேலை செய்யவில்லை.

"மன்னிச்சுக்கோ" என்றாள்.
உதட்டைப் படித்தவன் கேட்டான்:
"எதுக்கு?"

அம்மாவும் அவளைப் பார்த்தாள்.
அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.