கழிவு

நாற்பத்தொரு டெம்ப்ளேட்டுகள்.
கொச்சி ஆபீஸ் ராத்திரியே கிளவுடில் ஏற்றிவிட்டது.
எடைச் சீட்டு, ஐஸ் கணக்கு, முன்பண ஒப்பந்தம்,
திருப்பி அனுப்பும் பெட்டிக்கு ஒரு வருத்தக் கடிதம்.
விடிவதற்குள் எல்லாவற்றையும்
புது பிடிஎஃப் மென்பொருளுக்குள் இறக்கிவிடு என்றார் மானேஜர்.
மேகத்திலிருந்து எதையாவது இறக்குவது
ராமநாதபுரம் ஜில்லாவில் அவ்வளவு லேசா?

சிக்னல், ஐஸ் மெஷினுக்குப் பக்கத்துச் சிமெண்ட் திட்டில் மட்டும்.
லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
அறுபது சதவீதம்.
அறுபது சதவீதம்.
அறுபத்தொன்று.

அதற்குள் மோர்ப்பண்ணைக் கரையில் முதல் வள்ளம் ஒதுங்கிவிட்டது.
ராக்கப்பன் நண்டைப் புரட்டி, வயிற்றைத் தட்டிப் பார்த்து
கொடுக்கு ஒடிந்ததைத் தனிக் கூடைக்கு எறிகிறான்.
அதற்குப் பாதி விலை.
டெம்ப்ளேட்டிலேயே இருக்கிறது:
மொத்த எடை. கழிவு. நிகரம்.

பெயருக்கு இரண்டு கட்டங்கள் வைத்திருந்தார்கள்,
இரண்டும் கட்டாயம்.
குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.
கதவு எண்ணிலும் ஒரு புள்ளி.
ரூபாய்க் குறி சின்னப் பெட்டியாக வந்தது,
தேதியில் மாதம் முந்திக்கொண்டது,
கம்பெனியின் இறால் சின்னம் எடையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

முதல் சீட்டு.
சேதுபொன்னி என்று தட்டினேன்.
திரையிலும் சேதுபொன்னிதான்.
தாளில் மட்டும்
இரட்டைக்கொம்பு ச-வைத் தாண்டிப் போய்
ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே நிற்கிறது.
ப-வுக்குரிய கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம்.
வலையிலிருந்து அவசரத்தில் பிய்த்தெடுத்த மாதிரி.

சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.
சுயஉதவிக் குழுக் கணக்கு முழுக்க அவள் கையெழுத்து,
ஒன்றையும் விடமாட்டாள்.
"யாரு இது?"
"நீங்கதான். ஃபாண்ட் சேரலைக்கா."

ஒடிந்த கூடையைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
"கொடுக்கு ஒடிஞ்சா பாதி கழிக்கிறீங்க.
கொம்பு ஒடிஞ்ச பேருக்கு
ஒங்க கம்பெனி எவ்வளவு கழிக்கும்?"

ராக்கப்பன் சிரித்தான். வரிசையில் நின்றவர்களும்.
நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

ஒன்பதே காலுக்கு ஃபாண்டைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வழி கிடைத்தது.
எல்லாருக்கும் புதுச் சீட்டு.
பழையதைத் திருப்பிக் கேட்டேன்.
"ரெண்டும் இருக்கட்டும்" என்று
தூக்குவாளிக்குள் போட்டுக்கொண்டாள்.

நாற்பதும் எங்காவது ஓரிடத்தில் சிதறி, நான் ஒட்டவைத்தவை.
நாற்பத்தொன்றாவது மட்டும்
ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது.
முன்பண ஒப்பந்தம். ஐந்தாவது பத்தி:
கடன் தீரும்வரை
விற்பவர் வேறு எவருக்கும் சரக்கு விற்கலாகாது.
கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால்,
காலெல்லாம் பின்னால்,
வரிசை குலையாமல்.

எப்படி என்று சொடுக்கிப் பார்த்தேன்.
அங்கே எழுத்தே இல்லை.
பத்தியை முழுசாகப் படம் பிடித்து ஒட்டியிருக்கிறார்கள்.
ஒடியாது.
திருத்தவும் முடியாது.

மத்தியானம் திரும்ப வந்தாள்.
புது வலைக்கு எட்டாயிரம்.
பெயரை நிரப்பினேன், கச்சிதமாக வந்தது.
தாள் இன்னும் சூடாக இருந்தது.
"இதுல எதுவும் ஒடியலையே?"

"இல்லைக்கா" என்றேன்.
ஐந்தாவது பத்தியில் விரலை வைத்து
இரண்டு தடவை படித்தாள்.
வெளியே ஐஸ் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
பிறகு பேனாவை வாங்கி
முதலில் கொம்பைப் போட்டாள்,
அதன் பிறகுதான் ச.