வெளிச்சத் திருகு

பீடோங் பெரிய சாலையில், சைக்கிள் கடைக்கும்
ஆ கியோங் மளிகைக்கும் நடுவே என் கடை.
டிவி பழுது பார்ப்பேன்.
வீரபத்திரனை முதலில் பார்த்தது
முதுகு கழற்றிய ஒரு பெட்டியில்.
சரியாகச் சொன்னால், பார்க்கவில்லை.
பங்களா கேட் திறந்தது, இரண்டு கண்ணும் ஒரு பல்வரிசையும்
"வாங்கய்யா" என்றன.
மற்றதெல்லாம் இருட்டு.

திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.
நெற்றி வந்தது. மூக்கு வந்தது.
இடது கன்னத்து அம்மைத் தழும்பு வந்தது.
அட, நம்ம மூணாம் தீம்பார் வீரபத்திரன்!
அதற்குள் கதாநாயகன் முகம்
குழைந்த சோறாய்ப் பொங்கி அழிந்திருந்தது.
ஒரே கண்ணாடிக்குள் இருவருக்கும் இடமில்லை,
அப்படித்தான் விளக்கு வைத்திருந்தார்கள்.

பெரட்டில் பெயர் கூப்பிடும்போது
துரை குரலிலேயே துரைக்குப் பதில் சொல்லி
அரைநாள் சம்பளம் இழந்தவன்.
திருவிழாவில் எமனாய் ஏறி
பாசக்கயிற்றைக் கிராணி கழுத்தில் போட்டவன்.
இராப் பஸ்ஸில் கோலாலம்பூர் போனான்,
நகக்கண்ணில் ஒட்டுப்பால் கறையோடு.

பத்தொன்பது வருஷம்.
ஜாகா பதினொரு தடவை.
குடிகாரன், லாரிக்காரன், பேய்,
ஒருமுறை பிணம். அதற்கும் பவுடர் பூசினார்கள்.
எழுத்து ஓடும்போது ஒருநாள் வீரப்பன், ஒருநாள் பத்ரன்,
பலநாள் 'மற்றும் பலர்'.

வியாழன் தோறும் லயத்திலிருந்து ஆள் வரும்:
"அண்ணே, இன்னிக்கு அவன் வர்றான்,
வந்து கொஞ்சம் வெளிச்சம் கூட்டிவிடுங்க."
அவன் அக்காள் இருசாயி மட்டும்
பால்வாளி கழுவ எழுந்து போய்விடுவாள்.
"அறை வாங்க அம்மாந்தூரம் போகணுமா,
மண்டோர் இங்கேயே இருக்கானே."

எழுபத்தாறில் டாக்டர் வேஷம்.
ஒப்பனைக்காரர் ரோஸ் பவுடரோடு வந்தாராம்.
துண்டால் துடைத்துவிட்டு
"இந்த மூஞ்சியோடதான் படிச்சேன்" என்றானாம்.
இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்க,
விளக்குக்காரர் பாக் ஜைனி வாய் திறக்காமல்
ஏணியில் ஏறி ஒரு விளக்கை
இவன் பக்கம் திருப்பினாராம்.
இது அவன் சொன்னது.
அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்பவன்தான்.

ஒளிபரப்பு அன்று இடி. ஊரே அணைந்தது.
ஜெராய் மலைக் கோபுரம் மட்டும் விழித்திருந்தது.
லாரி பேட்டரியில் ஒரு சின்னப் பெட்டியை உயிர்ப்பித்தேன்.
கடைக்குள் பதினேழு பேர், ஈரச் சட்டை வாசம்,
கதவோரம் இருசாயி, வாளி இல்லாமல்.

வெள்ளைக் கோட்டு.
அதற்கு மேலே முழு முகம், தழும்பு உட்பட.
பக்கத்தில் நின்ற நர்சும் தெரிந்தாள்,
சுவரில் தொங்கிய நாட்காட்டியும் தெரிந்தது.
பழக்கத்தில் என் விரல் திருகின்மேல் இருந்தது.
திருப்ப வேண்டியிருக்கவில்லை.
"வாயைத் திறம்மா" என்றான்.
கடையில் நின்ற ஒரு சின்னப் பெண் திறந்தாள்.

பிறகு அந்த நாடாவை அழித்து
ஒரு பூப்பந்து ஆட்டத்தைப் பதிந்துவிட்டார்கள்.
டிவிக்குக் கலர் வந்தது.
அடுத்த அழைப்பும் வந்தது: ஜாகா.
போனான். வீட்டு வாடகை இருந்ததே.
இறந்தபோது பத்திரிகையில் மூன்று வரி,
அதில் பெயர் மட்டும் சரியாக இருந்தது.

பழைய பெட்டிகளின் திருகுகளை
ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.
எது அந்தப் பெட்டியுடையது, தெரியாது.
சந்தைக்கு வரும்போதெல்லாம் இருசாயி கேட்பாள்:
"அந்த டாக்டர் நாடகம் மறுபடி எப்பப் போடுவாங்க?"
நாடா கதையை அவளிடம் நான் சொன்னதில்லை.
"மழை வரட்டும் அக்கா" என்பேன்.
ஜெராய்ப் பக்கம் திரும்பி
அவளும் மேகம் பார்ப்பாள்.