பத்து மைக்ரோகிராம்

கூரியர் பையன் உச்சிப்புளி கேட்டில்
நாற்பது நிமிடம் நின்றிருக்கிறான்.
பெட்டிக்குள் உலர்பனி
பாதி காற்றாய்ப் போயிருந்தது.
மிச்சத்தின் நடுவில்
சுண்டுவிரல் நுனியளவு குழாய்,
அதன் அடியில் ஒரு துளி.
விலை நாற்பத்தேழாயிரம்.
எடையை எழுதியிருந்தார்கள், சிரிக்காமல்:
பத்து மைக்ரோகிராம்.

மனிதப் புரதம்.
மனிதரிடமிருந்து எடுத்ததில்லை.
எங்கோ ஓர் ஊரில் குடல்கிருமி ஒன்றிடம்
நம் மரபணுவில் ஒரு பத்தியைக் கொடுத்து
இரவெல்லாம் அது ஒப்பித்ததை
நிக்கல் மணிகளில் பிடித்து அலசியிருக்கிறார்கள்.
வாலில் ஆறு ஹிஸ்டிடின்,
ஏலக்கூடத்தில் மீன்மேல் வைக்கும் சீட்டு மாதிரி.

மூச்சு குறைந்தால் வேலைக்கு வருகிறது இது.
காற்று தாராளமாய் இருக்கும்வரை
உடம்பே இதைச் செய்து செய்து உடைக்கிறது,
சில நிமிட ஆயுசு.
ஆக்சிஜன் இறங்கும்போதுதான் பிழைக்கிறது.
தன் ஜோடியைப் பிடித்துக்கொண்டு
டி.என்.ஏ. ஏணியில்
தனக்கான படியைத் தடவி
உட்கார்கிறது.
பிறகு அணைந்திருந்த மரபணுக்கள்
ஒவ்வொன்றாய் எரிகின்றன.

சின்னப்பாலத்துக் களஞ்சியம் அக்கா
பாசி எடுக்க முங்குகிறவள்.
ரத்தம் கொடுத்த அன்று கேட்டாள்,
"இதுல என்னத்தப் பாக்கப் போறிய?"
நீங்க முங்கும்போது உள்ளே
யார் முழிக்கிறாங்கன்னு, என்றேன்.
"யாரும் முழிக்க மாட்டாக.
நாந்தேன் முழிச்சிருப்பேன்."

இரவு எட்டுக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருந்தது.
டீசலுக்கான கடிதம்
கையெழுத்துக்குக் காத்திருந்தது.
உறைபெட்டியின் எண்
எண்பதிலிருந்து எழுபத்தொன்று, அறுபத்துநான்கு.
பெட்டியை மடியில் வைத்து
மண்டபம் ஐஸ் கம்பெனிக்கு ஸ்கூட்டரை விரட்டினேன்.

"என்ன மீனு?" என்றார் கனி பாய்.
மீனில்லை.
"எத்தன பெட்டி?"
சொன்னேன்.
கால்குலேட்டரை எடுத்துக்
கிலோவுக்கு விலை போட்டுப் பார்த்தார்.
திரையில் E என்று வந்து நின்றுவிட்டது.
"கடல்ல இல்லாத சாதியால்ல இருக்கு."

கட்டியை உடைத்து
வாலிநோக்கம் உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினார்.
"உப்பு விழுந்தா ஐஸு இன்னும் கீழ எறங்கும்."
என் வெப்பமானி மைனஸ் பத்தொன்பது என்றது.
குழாயைப் புதைக்கும்முன்
செல்போன் வெளிச்சத்தில் சீட்டைப் படிக்கச் சொன்னார்.
ஆய்வுக்கு மட்டும்.
மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.
"விஷமா?"
இல்ல பாய், உங்க உடம்புலயும் இருக்கு,
இந்த நிமிஷம் உண்டாகி உடையுது.
அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார்.
"எனக்கு யாரும் சீட்டு ஒட்டலயே."

விடியும்முன் மின்சாரம் வந்தது.
அக்காவின் டி.என்.ஏ. துண்டோடு
புரதத்தைக் கலந்து ஜெல்லில் ஓட்டினேன்.
வெறும் துண்டு வேகமாய் ஓடிவிடும்.
யாராவது மேலே உட்கார்ந்திருந்தால்
பாரம் தாங்காமல் பின்தங்கும்.
பின்தங்கிய இடத்தில் ஒரு கோடு.
கோடு என்றால், நிழல்.
இருக்கிறது என்றும் எழுதலாம்,
இல்லை என்றும்.
அவள் ரத்தம் அப்படியா,
அந்த இரவு கெடுத்ததா,
இரண்டாவது குழாய் இருந்தால் சொல்வேன்.
அதற்கும் கடிதம் போட்டிருக்கிறேன்.

வள்ளம் தள்ளும் நேரத்தில் கரையில் நின்று
மங்கலா இருக்குக்கா, என்றேன்.
"வாடைத் தண்ணி அப்பிடித்தேன்" என்றாள்,
முகக்கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்தபடி.