நோம்பிக்குப் பத்து நாள்

பெயரைக் கூப்பிட்டதும்
முதலில் வந்தது ஒரு விசில்.
பிறகுதான் சென்னியப்பன்.
மூச்சு இழுக்கும்போதெல்லாம்
மூக்கின் நடுச்சுவரில் விழுந்த ஓட்டை
மெல்லிசாய் ஊதுகிறது.
"வலியெல்லாம் இல்லீங். எட்டு வருசமா இருக்குதுங்",
மச்சத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆவாரம்பாளையத்துச் சந்தொன்றில் குரோம் தொட்டி.
தகரக் கூரை. மஞ்சளாய் ஓர் ஆவி.
குழாய், கைப்பிடி, பைக் சைலன்சர்
மங்கலாய் உள்ளே போய்
மாப்பிள்ளையாய் வெளியே வரும் இடம்.

"என்னங் பண்ணுது?"
"ஒண்ணும் பண்ணலீங்.
மோட்டார் ஓடுது, தண்ணி ஏறமாட்டீங்குது.
அப்படி இருக்குதுங்."

ஊசி போட்டேன். சிவப்பு சிவப்பாகத்தான் வந்தது.
சர்க்கரை சரி. உப்பு சரி.
ஹீமோகுளோபின் ஒரு நூல் கம்மி;
டாக்டர் கீரை சாப்பிடச் சொல்வார்.
எங்கள் படிவத்தில் இருபத்தேழு வரி.
எனக்கு வந்த சந்தேகத்துக்கு
அதில் ஒரு வரியும் இல்லை.

ராத்திரி ஷிப்டில்
அவருடைய சில்லை லென்சுக்கடியில் வைத்தேன்.
லென்சில் இதெல்லாம் தெரியாது என்று தெரியும்.
ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பணுவுக்குள் உட்கரு இல்லை,
பெரிய அடுப்பு இல்லை.
முதுகு நிறைய மூச்சைச் சுமக்கும்;
அதில் ஒரு சிட்டிகை
தனக்கென்று எரித்துக்கொள்ளாது.
ஒரு சர்க்கரையை உடைக்க இரண்டு காசு முன்பணம்.
உடைத்தால் நாலு.
கடன் போகக் கையில் நிற்பது இரண்டு.
அந்த இரண்டில்தான்
உள்ளே ஊறும் உப்பை இறைத்து வெளியே கொட்ட வேண்டும்,
மயிரிழைக் குழாய்க்குள் மடங்கிப் போய்
அந்தப் பக்கம் வட்டமாய் எழ வேண்டும்.

குரோமியம் கதவை உடைப்பதில்லை.
கந்தக உப்பின் சாயலில் வாசலுக்கு வருகிறது.
தெரிந்த முகம்தானே என்று கதவு விடுகிறது.
வந்து உட்கார்ந்ததும் கேட்கத் தொடங்குகிறது.
துரு பிடிக்காதிருக்கச் சேர்த்து வைத்ததை எல்லாம்
கொடுத்துக் கொடுத்து
அணு அதன் பல்லைப் பிடுங்குகிறது.
கொடுத்ததை மறுபடி சேர்க்கவும் அதே சர்க்கரைதான்.
இறைப்புக்கு ஆள் குறைகிறது.

பல் போனால் சாயலும் போய்விடும்.
வந்த வாசல் இப்போது அதை அறியாது.
ஹீமோகுளோபினைக் கட்டிக்கொண்டு
உள்ளேயே கிடக்கும்,
அந்த அணு சாகிறவரை.
நூற்றி இருபது நாள்.

காலையில் ரிப்போர்ட் வாங்க வந்தார்.
"நார்மல்ங்களா?"
தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது.
"நோம்பிக்கு நம்பியூர் போறனுங். பத்து நாள் லீவு.
காத்து மாறினாச் சரியாப் போயிருமுங்ளா?"

மனசுக்குள் எண்ணினேன்.
சித்திரையில் பிறந்த அணுவுக்குள் புகுந்தது
ஆவணியில் அந்த அணுவோடு போகும்,
நடுவில் அவர் தொட்டிக்குப் போகாதிருந்தால்.
"பத்து நாள் பத்தாதுங்ணா."
"பத்தே சாஸ்திங்கறாரு முதலாளி.
முன்பணம் அம்பதாயிரம் கிடக்குதுங்."
சிரித்தார். சிரிப்பிலும் விசில் வந்தது.

எட்டாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
மாடிப்படி இறங்கினார்.
பாதிப்படியில் கம்பியைப் பிடித்து நின்றார்.
முப்பத்தாறு வயசு என்று நான்தான் எழுதியிருந்தேன்.

கை கழுவப் போனேன்.
வாஷ்பேசின் குழாய் பளபளவென்று இருந்தது.
என் முகம் அதில் நீண்டு வளைந்து
வாய் எங்கே என்று தெரியவில்லை.
திருகினேன். தண்ணீர் வந்தது.
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு
சட்டைத் துணியால் குழாயைத் துடைத்தேன், எதற்கென்று தெரியாமல்.

ஃபிரிட்ஜில், ஊதா மூடிக்குக் கீழே,
அவருடைய மீதி ரத்தம் இருந்தது.
சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும்.
யார் கேட்டார் என்பார் ஓனர்.
புதுப் படிவம் எடுத்து
இருபத்தேழாம் வரிக்குக் கீழே
ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்.
குரோமியம், அணுவுக்குள், என்று எழுதினேன்.
கட்டணம் என்ற கட்டத்தை மட்டும்
காலியாய் விட்டேன்.