பதினோராம் பக்கம்

தவமணி ஐசக்கின் பூட்டுக் கடை
ஊபி தொழிற்பேட்டையில் மூன்றாம் தளம்,
லிஃப்ட் நிற்காத தளம்.
தேடுபொறியில் பதினோராம் பக்கம்.
அங்கேயும் லிஃப்ட் நிற்பதில்லை.

"ஆயிரத்து எண்ணூறு வெள்ளி குடுத்துச் செஞ்ச வெப்சைட்டுமா" என்றார்.
திறந்தேன்.
தங்க நிறச் சாவி ஒன்று சுழன்றது,
நான் கோப்பியை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை
சுழன்றது.
பிறகு எழுந்தது ஒரு வரி:
'ஒருங்கிணைந்த நுழைவுப் பாதுகாப்புத் தீர்வுகள்.'

அண்ணே,
ராத்திரி ஒன்றரை மணி.
பன்னிரண்டாம் மாடி நடைவழி.
காற்று கதவைச் சாத்திவிட்டது.
உள்ளே அடுப்பில் பால்,
வெளியே அரைக்கால் சட்டையில் ஒருவர்,
கையில் ஒன்பது சதவீத பேட்டரி.
அவர் தீர்வு தேடமாட்டார்.
'கதவு லாக் ஆயிடுச்சு எப்படி' என்று தட்டுவார்.
அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் எங்கே?

"கொச்சையா இருக்காதா?"

சொன்னேன்:
பக்கம் பக்கமாய் ஊர்ந்து வரும் பூச்சிக்குக் கண் கிடையாது.
சாவி சுழல்வது அதற்குத் தெரியாது.
தலைப்பைப் படிக்கும்.
படத்துக்குப் பின்னால் யாராவது
ஒரு வரி எழுதி வைத்திருந்தால் படிக்கும்
(உங்கள் படங்களுக்கெல்லாம் ஒரே பெயர், 'புதியது', 'புதியது இரண்டு').
இணைப்பைப் பிடித்து அடுத்த அறைக்குப் போகும்,
கதவு உடைந்திருந்தால் திரும்பிவிடும்.

பூட்டுக்காரர் தளத்தில் ஏழு கதவு உடைந்திருந்தது.
வாயால் சொல்லவில்லை,
பட்டியலில் எழுதினேன்.

முன்பு செய்தவன் அடியில் ஒளித்திருந்தான்
வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில்
பூட்டு மலிவு பூட்டு சிங்கப்பூர் பூட்டு பூட்டு
இருநூறு தடவை.
யார் கண்ணுக்கும் தெரியாது என்றானாம்.
கண்ணில்லாததுக்குத் தெரிந்துவிட்டது.

ராத்திரி விலையைப் போடுங்கள் என்றேன்.
"போட்டிக்காரன் பார்ப்பானே."
பார்க்கட்டும்.
கதவுக்கு வெளியே நிற்பவரும் பார்ப்பார்.

கீழ்த்தளத்து சைக்கிள்காரர் குவேக்
தன் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதும் ஒரு வரி
நீங்கள் உங்களைப் பற்றி எழுதும் நூறு வரி.
கேட்டுப் பாருங்கள்.
கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்.

சாவியை நிறுத்தினேன். பக்கம் இரண்டு நொடியில் வந்தது.
அதன்பின் செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.
திங்கள்தோறும் போன்: "ஏறிச்சா?"
எட்டு. ஆறு. மறுபடி ஏழு.
வரைபடக் கோடு
காற்றில்லாத நாளில் ஈஸ்ட் கோஸ்ட் கடல்.

இடையில் ஒரு காரியம் செய்தேன்,
கேட்காமல், கணக்கில் எழுதாமல்:
தமிழில் ஒரு பக்கம்.
போட்ட வாரமே முதலிடம்.
ஆளில்லாத தெருவில் ஒரே கடை
முதல் கடைதானே.
பதினொரு வாரம்
ஒருவரும் அந்தத் தெருவுக்கு வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, அறிக்கையில்:
'லாக்கர் சாவி தொலஞ்சு போச்சு துவாஸ்.'
தோன்றியது, ஒன்று.
சொடுக்கியது, ஒன்று.
சராசரி இடம், ஒன்று.
யார் என்று அறிக்கை சொல்லாது.
அதற்குச் சொற்கள் தெரியும், ஆட்கள் தெரியாது.

திங்கள் காலை போன்.
ஏறிச்சா என்று கேட்கவில்லை.
"நேத்து துவாஸ் போனேம்மா, ஒரு டார்மிட்டரி.
வேலை ரெண்டு நிமிஷம்,
போக வர மூணு மணி நேரம்."
எவ்வளவு வாங்கினீங்க?
பதிலுக்கு எங்கோ ஒரு இயந்திரம்
சாவி அறுக்கும் சத்தம்.
அது ஓய்ந்ததும் சொன்னார்:
"அந்தத் தமிழ்ப் பக்கத்துல
'தொலைந்துவிட்டால்'னு ஒரு எடத்துல எழுதியிருக்கே.
மாத்திடு.
தொலஞ்சு போச்சுன்னே போடு.
அந்தப் பையன் அப்படித்தான் தட்டினானாம்."